உள்ளே போன கஞ்சித் தொட்டி

வரிசையாகத்தான் சொல்வேன், டாக்டர் தம்பி. வரிசை மாறினால் முதல் குற்றவாளி யார் என்பது மாறிப்போகும். முதல் குற்றவாளி எப்போதும் அதைத்தான் விரும்புவான்.

முதல் துரோகம் நிர்வாகம் செய்தது. பொங்கலுக்கு ஊரே வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த வாரம். காலை ஷிப்டுக்குத் தூக்குவாளியோடு போனவர்களைக் கேட்டில் ஒட்டியிருந்த ஒரு காகிதம்தான் வரவேற்றது. இங்கிலீஷ் காகிதம். ஆலையை மூடுகிறோம் என்பதைக்கூட நம் பாஷையில் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. தபால்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம்.

இரண்டாவது துரோகம் எங்கள் சங்கத்துக்கு மேலே இருக்கிற சம்மேளனம் செய்தது. மேலிடத் தலைவர் சென்னையிலிருந்து வந்தார். உயிரைக் கொடுத்தாவது ஆலையைத் திறப்போம் என்று கேட்டில் நின்று பேசினார். யார் உயிர் என்று சொல்லவில்லை. மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மேனேஜர் பங்களாவில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

மூன்றாவது, எதிர்ச் சங்கம். விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதம் வந்தது. பந்தியில் இலை போட்டதும் உட்காருவதுபோல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் சங்கத் தலைவரும் அந்தப் பந்தியில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தலைவர் நாற்காலி காலி. செயலாளனாகிய நானே தலைமையும் தாங்கினேன்.

நான்காவது, நீதிமன்றம். வாய்தா, வாய்தா, வாய்தா. வேறென்ன சொல்ல.

ஐந்தாவது, இந்த ஊர். கோயில் கும்பாபிஷேகத்துக்கு முதலாளி வெண்கல மணி வாங்கித் தந்தார் என்று அவர் படத்தைப் போட்டு ஒரு தட்டி வைத்தார்கள். எங்கே வைத்தார்கள் தெரியுமா? பூட்டிக் கிடக்கிற ஆலைக்கு நேர் எதிரே. வள்ளல் என்று எழுதி.

ஆறாவது துரோகம் என் வீட்டுக்காரி செய்தது.

சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிக்கவில்லையா? சரி, இந்த டீக்கடைக்காரர் சிரித்தார். அவர் எப்போதும் இந்த இடத்தில் சிரிப்பார். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "மதினி கஞ்சித் தொட்டி எங்கே இருக்கு?" என்று அவரிடம் கேட்டீர்களே, அந்த மதினி என் மனைவி. நீங்கள் பார்க்க வேண்டிய கட்டடம் இதோ எதிரே இருக்கிறது. அது கஞ்சித் தொட்டி இல்லை. பஞ்சாலைத் தொழிலாளர் சங்கக் கட்டடம். நாங்கள் கல் சுமந்து கட்டியது. அதற்கு வேறு பெயர் சொல்லி வழி கேட்கிற காலம் வந்துவிட்டது பாருங்கள்.

அவசரப்படாதீர்கள். உங்கள் ஆட்கள் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். அதுவரை என் பக்கத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம். எல்லாரும் அவள் பக்கத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

நான் மேடையில் பேசுவதுபோலவே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வேறு தமிழ் வராது. பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். துண்டறிக்கை படித்தே எழுத்துக் கூட்டினேன், பிறகு துண்டறிக்கை எழுதினேன். என்னை ஆலையிலிருந்து நீக்கி வெகுகாலம் ஆகிறது. நீக்கிய பிறகும் சங்கத்தை விடவில்லை. கொம்பையா என்று பெயர் சொன்னால் கேட் வாட்ச்மேன் எழுந்து நின்ற காலம் உண்டு.

கஞ்சித் தொட்டி என்றால் என்னவென்று உங்கள் படிப்பில் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அது சாப்பாடு அல்ல. போராட்டம். ஆலை மூடினால், தறி நின்றால், தொழிலாளி பட்டினி கிடக்கிறான் என்பதை நாடு பார்க்க வேண்டும் என்பதற்காகத் தெருவில் பானை ஏற்றுவது. நானும் ஏற்றினேன். கேட்டுக்கு நேரே கறுப்புக் கொடி, கொடிக்குக் கீழே அடுப்பு. ஆலையில் ரிங் பிரேமில் நூல் நூற்ற கை தட்டேந்தி வரிசையில் நிற்க வேண்டும். போகிற பஸ், வருகிற பஸ் எல்லாம் அதைப் பார்க்க வேண்டும். பத்திரிகைக்காரன் படம் எடுக்க வேண்டும். 'எங்கள் பசியைப் பாருங்கள்' என்று துண்டறிக்கை அச்சடித்தேன். மாவட்டத்திலேயே நல்ல துண்டறிக்கை அதுதான் என்று பலர் சொன்னார்கள்.

முதல் நாள் வரிசை ரோடு வளைவு வரைக்கும் நின்றது. படமும் வந்தது. மறுநாள் பாதி ஆள். வாரம் திரும்புவதற்குள் சில கிழவர்களும், சந்தைக்கு வந்த வழிப்போக்கர்களும்தான். கஞ்சி மிஞ்சி ஆட்டுக்குப் போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பசி இருக்கிறது, நிற்க ஆள் இல்லை. வர்க்கப் பெருமை இல்லாத கூட்டம் என்று மைக்கில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி சொன்னாள். "பசிக்கலைன்னு வராம இல்ல. அந்த பஸ்ல அவுக சம்பந்தக்காரவுக போறாக. மகளைக் கட்டிக்குடுத்த வீட்டு ஆளு பாக்க தட்டேந்தி நிப்பாகளா?"

வெட்கம் என்பது முதலாளி கொடுத்த ஆயுதம் என்று விளக்கினேன். ஒரு மணி நேரம் விளக்கியிருப்பேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், கேட்டுக்கொண்டே இருப்பாள். சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

லேபர் ஆபீசில் பேச்சுவார்த்தை என்று திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கேட்டில் கொடி மட்டும் நிற்கிறது. அடுப்புக் கல்லையும் காணோம். பானை சங்கக் கட்டடத்தின் பின் அறைக்குப் போயிருந்தது. பின்பக்கச் சந்து வழியாகப் பெண்கள் குடத்துக்குள் தூக்குவாளியை வைத்துக்கொண்டு வருகிறார்கள், தண்ணீருக்குப் போகிறவர்கள்போல. மூடி போட்டு வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் முன்னைப்போல இரண்டு பங்கு அரிசி வெந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். ஊரே பட்டினி, ஆனால் பார்த்தவன் ஒருவனும் இல்லை. மூடிபோட்ட தூக்குவாளியைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட முடியுமா? போராட்டத்தின் கழுத்தை அவள் நெரித்தாள், அதுவும் கஞ்சி ஊற்றிக்கொண்டே நெரித்தாள்.

அதோடு நிறுத்தினாளா? அரிசிக்கு என்ன செய்தாள் தெரியுமா? கொஞ்சமாவது உலை வைக்கிற வீடுகளில் எல்லாம் சொல்லி, உலையில் போடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னாள். சனிக்கிழமை ஓலைப் பெட்டியோடு போய் வாங்கினாள். சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள் அடிபட்ட காய்கறியைக் கொண்டுவந்து போட்டார்கள். அது பரவாயில்லை. மேனேஜர் வீட்டுச் சமையல்காரியிடமும் பெட்டியை நீட்டினாள். எதிரியின் அரிசி. கேட்டால், "அரிசிக்கு என்ன கட்சி, வெந்தா சோறு" என்கிறாள்.

நான் அந்தக் கஞ்சியைக் கையால் தொட்டதில்லை. இன்றுவரை இல்லை. வீட்டில் அவள் கொண்டுவந்து வைப்பதை மட்டுமே சாப்பிடுகிறேன். பாருங்கள், கடைக்காரர் மறுபடி சிரிக்கிறார். இவருக்கு இதில் என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

பங்குனியில் மாடக்கண்ணு போனார். ரிங் பிரேம் பகுதியில் என் காலத்து ஆள். நல்ல தொழிலாளி, அதிர்ந்து பேச மாட்டார். ஆலை மூடியபின் அடிக்கடி என் வீட்டுக்கு வருவார். வந்து வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். நான் அவருக்கு நாட்டு நிலைமையை எடுத்துச் சொல்வேன். பஞ்சு விலை, நூல் ஏற்றுமதி, இதற்குப் பின்னால் இருக்கிற உலகச் சதி. தலையாட்டுவார். போகும்போது புதுத் துண்டறிக்கை இருந்தால் கையில் கொடுத்தனுப்புவேன். ஒருநாள் போனவர் வீட்டுக்குப் போகவில்லை. தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார்.

நான் உடைந்துபோய்விடவில்லை. தலைவன் உடையக் கூடாது. அன்று சாயங்காலமே போஸ்டர் அடித்தேன். 'தியாகி மாடக்கண்ணு. இது ஆலை நிர்வாகம் செய்த கொலை.' ஊர் முழுக்க ஒட்டினோம். பதினாறாம் நாள் இரங்கல் கூட்டம். மாடக்கண்ணுவின் ரத்தம் வீண் போகாது என்று நான் பேசிக்கொண்டிருக்கிறேன், பெண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரி எழுந்து நிற்கிறாள். கூட்டத்தில் அவள் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"அவரு தியாகி இல்ல," என்றாள். "அவருக்கு மேலுக்குச் சொகமில்ல. மாசக்கணக்காத் தூங்கல. வாய் வறண்டு உக்காந்திருப்பாரு. நம்ம வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்தாரு. நீங்க பேசுனீய. அவரு பேசல. நான் காப்பி குடுத்து அனுப்பினேன். அம்புட்டுதான் நாம செஞ்சது."

மாடக்கண்ணுவின் மனைவி அப்படியே அவள் தோளில் சாய்ந்துவிட்டாள். கூட்டம் என் கையை விட்டுப் போயிற்று. ஒரு சாவை வைத்து முதலாளியின் சட்டையைப் பிடித்திருக்கலாம். அதை நோய் என்று சொல்லிவிட்டால் யார் சட்டையைப் பிடிப்பது, கொசுவின் சட்டையையா? அப்போதும் அவள் உட்காரவில்லை. பெண்களைப் பார்த்து, யார் யார் வீட்டில் ஆம்பளைகள் தூங்காமல் இருக்கிறார்கள், கையைத் தூக்குங்கள் என்றாள். நான் மேடையில் நிற்கிறேன் தம்பி. வேலைநிறுத்தத்துக்குக்கூட அந்த மண்டபத்தில் அத்தனை கைகள் சேர்ந்தாற்போல எழுந்ததில்லை.

அவளும் தூக்கினாள். ஏன் தூக்கினாள் என்று நான் கேட்கவில்லை. நான் தூங்காதது வேறு. விழித்திருப்பது என் வேலை.

அதன்பிறகுதான் ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்சம்மாவைப் பிடித்து, அவர் மூலமாக மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, உங்களுக்கு முன்னால் இருந்த டாக்டரம்மாவை இங்கே வரவழைத்தாள். புதன்கிழமை தோறும் சங்கக் கட்டடத்தில் மனநல வைத்தியம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பைத்தியம் என்று ஊர் சொல்லும், கஞ்சி வாங்க வருகிற இடத்துக்கு வந்தால் கஞ்சிக்கு வந்தான் என்றுதான் சொல்லும். அவள் கணக்கு அது. பட்டினியை மூடி போட்டு மறைத்தாள். நோயைப் பட்டினியை வைத்து மறைத்தாள்.

டாக்டரம்மா தனியாகப் பேச ஒரு மறைப்பு வேண்டும் என்றாராம். இருக்கிற துணியில் பெரியது எது? எங்கள் ஊர்வலப் பதாகை. இரண்டு ஆள் தூக்கிப் பிடிக்கிற சிவப்புப் பதாகை. மதுரை மாநாட்டுக்குத் தூக்கிப்போனது. தடியடியில் கிழிந்து நானே தைத்தது. அதைக் குறுக்கே கயிற்றில் போட்டு மறைப்பாக்கிவிட்டாள். எழுத்து உள்பக்கம். நோயாளி அழும்போது பார்த்துக்கொள்ளலாம், 'ஒன்றுபடுவோம், வெற்றி பெறுவோம்' என்று. நீங்களும் இன்றைக்கு அதற்குப் பின்னால்தான் உட்காரப் போகிறீர்கள். கவனமாக உட்காருங்கள். ஓரத்துத் தையல் பழையது.

இனி நயினார் கதை. இதில்தான் எனக்கு நெஞ்சு அறுந்தது.

நயினார் என் தோழன். இந்த மாவட்டத்தில் அவனைப்போலக் கோஷம் போட ஆள் கிடையாது. ஊர்வலத்தின் தலையில் அவன் குரல் கொடுத்தால் வாலில் நடக்கிறவனுக்கும் கேட்கும். ஆலை மூடிய பிறகு அவன் குரல் நின்றுபோயிற்று. முதலில் கோஷம் போடவில்லை, பிறகு பேசவும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எனக்கு மருந்து தெரியும். போராளிக்குப் போராட்டமே மருந்து. மே தினக் கூட்டத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துவந்து மைக்கைக் கொடுத்தேன். "ஏல நயினாரு, போடுல ஒரு கோஷம், ஆலைக்குள்ள கேக்கணும்" என்றேன். வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான். உடம்பெல்லாம் வேர்த்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஒரு சத்தம் வரவில்லை. கூட்டம் தவித்தது. தோழர் ஆத்திரத்தில் வாயடைத்து நிற்கிறார் என்று நான்தான் சமாளித்தேன். நல்ல சமாளிப்பு அது. கைதட்டல் கிடைத்தது.

அதன்பின் அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

என் வீட்டுக்காரி தினமும் தூக்குவாளியோடு அவன் வீட்டுக்குப் போனாள். போய் என்ன பேசினாய் என்று கேட்டால், ஒன்றும் பேசவில்லை, உட்கார்ந்திருந்தேன், கீரை ஆய்ந்தேன் என்பாள். கீரை ஆய்ந்தால் சித்தம் தெளியுமா? ஒரு புதன்கிழமை, கீரைக் கட்டைத் தூக்கிவர ஆள் இல்லை என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பதாகைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். மாத்திரை கொடுத்தார்கள். வாராவாரம் வந்தான். ஆனி மாதத்தில் ஒருநாள், கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "மதினி, உப்பு பத்தல" என்றானாம். பெண்கள் எல்லாம் ஓடிவந்து அவன் வாயையே பார்த்தார்களாம். முதலாளி ஒழிக என்று அதிர்ந்த தொண்டை தம்பி அது. உப்பு பத்தல.

நான் காத்திருந்தேன். குரல் வந்துவிட்டது, இனி கேட்டுக்கு வருவான் என்று. எங்கே போனான் தெரியுமா? புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு. ஏலம் கூற ஆள் வேண்டும் என்று ஒரு கமிஷன் மண்டிக்காரர் என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறார். ஊரில் யாருக்கு ஆள் வேண்டும் என்றாலும் அப்போதெல்லாம் அவளிடம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பந்தலுக்கு ஆள், மசாலா அரைக்கிற இடத்துக்கு ஆள், ஸ்கூல் வேனுக்கு ஆள். அவள் கஞ்சி ஊற்றும்போது ஆளைப் பார்த்து அனுப்புவாள். இவர் கூட்டத்தில் இருந்தால் படபடப்பார், தனியாகச் செய்கிற வேலை நல்லது. இவர் தனியாக இருக்கக் கூடாது. இப்படி. நயினாரைப் பார்த்து, இவர் சத்தம் போட வேண்டியவர் என்று மார்க்கெட்டுக்கு அனுப்பினாள்.

நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். எலுமிச்சைக் குவியலுக்கு நடுவில் நின்று விலை கூறிக்கொண்டிருக்கிறான். அதே குரல். அதே கை வீச்சு. மார்க்கெட்டின் கடைசிக் கடை வரைக்கும் கேட்கிறது. என்னைப் பார்த்ததும் சிரித்தான். ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜன்னல் ஓரம், காற்று.

நீங்களே யோசியுங்கள். எல்லாருக்கும் ஒரு வேலையைத் தேடிக் கொடுத்துவிட்டால், ஆலையைத் திற என்று யார் கேட்பது? கேட்டில் யார் நிற்பது? நான் சேர்த்துவைத்த படை. அதை ஒவ்வொரு ஆளாகப் பார்த்து, இவருக்கு இது ஆகும், அவருக்கு அது ஆகும் என்று கலைத்தாள். முதலாளி செய்ய முடியாததை, போலீஸ் செய்ய முடியாததைக் கரண்டியை வைத்துக்கொண்டு செய்தாள். கருங்காலி என்று வேறு யாரைச் சொல்வது?

எனவே மகாசபையைக் கூட்டினேன். ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருடாந்தரக் கூட்டம், அதோடு ஒரு விசேஷத் தீர்மானம். துரோகி நீக்கத் தீர்மானம். அவளிடம் முந்தின நாளே சொல்லிவிட்டேன். முதுகில் குத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நாளைக்கு உன்னைச் சங்கத்திலிருந்து நீக்கப் போகிறேன் என்றேன். சரி என்றாள். மழைக்காலம், விறகு நனைந்துவிட்டது, உலை வைக்க நேரமாகும், கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டாள்.

மண்டபம் நிறைந்துவிட்டது. வெகுகாலமாய் அப்படி நிறைந்ததில்லை. தீர்மானத்தின் முக்கியத்துவத்தை உணர்ந்து வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தூக்குவாளியும் கையுமாக வந்திருந்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குற்றச்சாட்டை வாசித்தேன். பட்டினியை மறைத்தது, தியாகியைச் சிறுமைப்படுத்தியது, பதாகையைத் திரைச்சீலை ஆக்கியது, படையைக் கலைத்தது. நல்ல வாசகங்கள். விடிய விடிய எழுதியவை. வாசித்து முடித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்லப்போன நேரத்தில் முப்பிடாதி எழுந்தாள். நூல் சுற்றுகிற ரீலிங் பகுதியில் வேலை பார்த்தவள், வாய் கொஞ்சம் அதிகம்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். மதினி சங்கத்துல மெம்பரே கிடையாதே. வீட்டுக்குள்ள வராத ஆளை எப்படி வெளிய பத்துவிய?"

சிரித்தார்கள். என் கூட்டத்தில், என் தீர்மானத்தின் மேல் சிரித்தார்கள். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. விதிப்படி உறுப்பினரைத்தான் நீக்கலாம். வேறொருவன் என்றால் திணறியிருப்பான். நான் விதிகளை எழுதியவன். ஆலையில் வேலை இல்லாவிட்டாலும் சங்கத்துக்காக உழைத்தவரை மகாசபை உறுப்பினராக ஏற்கலாம் என்று ஒரு விதி உண்டு. என்னை ஆலையிலிருந்து நீக்கியபோது எனக்காக நானே எழுதியது. உடனே சொன்னேன். முதல் தீர்மானம், இவரை உறுப்பினராகச் சேர்ப்பது. இரண்டாவது தீர்மானம், சேர்த்தவரை நீக்குவது. சட்டம் தெரிந்தவனுக்கு எந்தக் கதவும் பூட்டில்லை.

முதல் தீர்மானத்துக்கு மண்டபமே கை தூக்கியது. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினவர்களும் உண்டு. ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தேன்.

இரண்டாவது தீர்மானத்துக்குக் கேட்டேன். ஒரு கை இல்லை. எதிர்ப்பவர்கள் என்று கேட்டேன். அதற்கும் இல்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை எதிர்க்க அவர்களுக்கு மனமில்லை தம்பி. எதிர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின் அறையில் உலை கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தீர்மானம் தோல்வி என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அடுத்து நிர்வாகிகள் தேர்தல் என்றேன். அது எப்போதும் ஒரு நிமிட வேலை. செயலாளர் பதவிக்கு ஒரே ஒரு பெயர் வரும், அது என் பெயராக இருக்கும். யாராவது முன்மொழிகிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, வழக்கம்போல என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

நயினார் எழுந்தான். மார்க்கெட்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

"செயலாளர் பதவிக்கு மதினி பேரை முன்மொழியுதேன்." மைக் இல்லாமல்தான் சொன்னான். கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.

முப்பிடாதி வழிமொழிந்தாள். கருங்காலியைச் செயலாளராக்குகிறீர்களா என்று கேட்டேன். நயினார் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"அண்ணாச்சி, மே தினத்தன்னிக்கு நீங்க எங்கையில மைக்கைக் குடுத்தீய," என்றான். "மதினி கரண்டியைக் குடுத்தாவ, கீரைக் கட்டைக் குடுத்தாவ. எனக்குத் தூக்க முடிஞ்சது அதான்."

பின் அறையிலிருந்து அவள் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். விஷயம் தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. "எனக்கு என்னத்துக்கு இதெல்லாம்? அவுகளே இருக்கட்டும்" என்று எல்லாரிடமும் சொன்னாள். பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள். "நான் வேண்டாம்னு சொல்லிருதேன். நீங்க இதை விட்டுட்டா என்னத்தப் பிடிச்சுக்கிட்டு இருப்பிய? ஏற்கெனவே நீங்க தூங்கி நாளாச்சு."

பாருங்கள். எல்லார் முன்னாலும் எனக்கு ஒரு தூக்குவாளி நீட்டுகிறாள். மூடி போட்டு, யாருக்கும் தெரியாமல். என் பதவியை எனக்கே கஞ்சியாக ஊற்றப் பார்க்கிறாள். மானமுள்ளவன் வாங்குவானா? விதி விதிதான், போய் உட்கார் என்றேன்.

அதுசரி, ஒன்று கேட்கிறேன். அங்கே ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். கதவு திறந்து நேரமாகிறது. புது டாக்டர் முதல் நாளே தாமதிக்கலாமா? ஏன் இன்னும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அவள் சொல்லி அனுப்பினாளா, டீக்கடை பெஞ்சில் ஒருவர் இருப்பார், கொஞ்ச நேரம் கேளுங்கள் என்று? நீங்கள் சொல்ல வேண்டாம். சொன்னால் நான் எழுந்துபோக வேண்டிவரும். இன்னொரு டீ சொல்கிறேன், குடியுங்கள். முடிந்துவிட்டது, கடைசிதான்.

வாக்கெடுப்பு நடத்தினேன். எந்தச் சங்கத்திலும் எந்தச் செயலாளரும் தன் தோல்விக்கு இவ்வளவு ஒழுங்காக வாக்கெடுப்பு நடத்தியிருக்க மாட்டார். கை தூக்கச் சொன்னேன், கூட்டத்தைச் சுற்றிவந்து பார்த்தேன், இறக்கச் சொன்னேன். ஆனால் எங்கள் விதியில் இன்னொன்று உண்டு. தேர்வானவர் பெயரைத் தலைமை வகிப்பவர் முழுப் பெயராக, குடும்ப விவரத்தோடு, சபை அறிய எழுந்து நின்று வாசிக்க வேண்டும். சபைதான் சாட்சி. வாசிக்கும்வரை தேர்தல் செல்லாது. மேலிடத்தில் பெயரை மாற்றிவிடுவார்கள் என்று பயந்து நான் போட்ட விதி.

எழுந்தேன். எல்லாரும் எழுந்தார்கள். அவள் மட்டும் தூணோரமாக நின்று தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை 'ஏளா' என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன், அதற்கு அவள் வருவாள். முழுப் பெயரை வாயால் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. முதல் தடவை குரல் சரியாக எழும்பவில்லை. அது மைக் கோளாறு. "கேக்கலை அண்ணாச்சி" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. மைக்கைத் தள்ளி வைத்தேன். பழைய நாளில் கேட்டில் நின்று பேசுவேனே, அந்தக் குரலில், அத்தனை சாட்சிகளும் கேட்க வாசித்தேன்.

"பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர், கொம்பையா மனைவி, தோழர் உச்சிமாகாளி."